நிழலில் அளக்கப்படும் வெயில்

கோடை தொடங்கியதும் ஒவ்வொரு மாலையும் ஓர் எண் செய்தியாகிறது. இன்று இத்தனை டிகிரி வெயில் பதிவானது என்கிறார்கள். அந்த எண் எங்கே அளக்கப்படுகிறது? காற்று புகும்படி சாய்சட்டங்கள் பொருத்திய வெண்ணிற மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், கதிரொளி நேரே படாத நிழலில். காற்றின் வெப்பநிலையை அறிய அதுவே சரியான முறை; அதில் பிழையில்லை. ஆனால் உப்பளத்தில் உப்பு வாருபவரும், சூளையில் செங்கல் அறுப்பவரும், தெருவில் சாக்கடை அள்ளுபவரும் அந்தப் பெட்டிக்குள் நிற்பதில்லை. நிழலில் அளந்த எண்ணைக் கொண்டு வெயிலில் நிற்போரின் பாதுகாப்பைத் தீர்மானிப்பது சரியா என்பதே நம் கேள்வி.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் 40 டிகிரி செல்சியஸ், கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30 என்ற அளவை வெப்பநிலை தொட வேண்டும். அத்துடன் அது அந்த இடத்தின் இயல்பைவிட 4.5 டிகிரியேனும் கூடியிருந்தால் பொதுவாக வெப்ப அலை எனப்படும். மே மாத இறுதியில் இயல்பான அளவே 37 டிகிரியை ஒட்டி நிற்கும் சென்னையில், இந்த வரையறை நிறைவேற வெப்பநிலை 41, 42 டிகிரிக்குப் போக வேண்டும். அதற்குக் கீழே எத்தனை நாள் புழுங்கினாலும் அது வெப்ப அலைக் கணக்கில் வராது. புழுக்கம் குறித்த எச்சரிக்கைகள் தனியே தரப்படுகின்றன. ஆயினும் அவற்றைக் கண்டு வேலையை நிறுத்தும் ஒப்பந்ததாரரை நாம் அறியோம்.

உடலின் கணக்கு வேறு. வியர்வை ஆவியாவதால்தான் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமேயன்றி உலராது. இதனை அளக்க ஈரக்குமிழ் வெப்பநிலை என்ற அளவை அறிவியல் வைத்திருக்கிறது. 42 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 விழுக்காடாக இருந்தால் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 24 டிகிரிதான். வெயில் 37 டிகிரியாகவும் ஈரப்பதம் 60 விழுக்காடாகவும் இருந்தால் அது 30 டிகிரியை எட்டும். மனித உடலின் எல்லை 35 டிகிரி என்று முன்பு கருதப்பட்டது. இளம் வயதினரையும் நலமாக இருப்போரையும் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள், ஈரப்பதம் மிகுந்த சூழலில் 31 டிகிரி அளவிலேயே உடல் தன் வெப்பத்தைக் கட்டுப்படுத்த இயலாமல் போவதை 2022-இல் காட்டின. ஆக, வெப்ப அலை என்று பெயர் பெறாத நாளே கடலோரத் தொழிலாளியின் உடலுக்குக் கூடுதல் ஆபத்தாக அமையக்கூடும்.

அந்த நாளில் வெளியில் நிற்பவர் யார்? இந்தியாவில் வெப்ப அலைக் காலத்தில் திறந்த வெளியில் உழைக்கும் நேரம் சாதிவாரியாக ஏற்றத்தாழ்வுடன் இருப்பதையும், ஒடுக்கப்பட்ட சாதியினரே கூடுதல் வெப்பத்தைச் சுமப்பதையும் 2025-இல் 'டெமோகிராபி' ஆய்விதழில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. இது தற்செயலானதன்று. பேஷ்வாக்களின் ஆட்சியில் தீண்டத்தகாதவரின் நிழல் பட்டாலும் தீட்டு எனத் தெருவே மறுக்கப்பட்டதை அண்ணல் அம்பேத்கர் 1936-இல் எழுதினார். நிலம் மறுக்கப்பட்டோருக்குக் கூலி உழைப்பே எஞ்சியது. இன்று அவர்களுக்கு மறுக்கப்படுவது, நின்று இளைப்பாற ஒரு நிழல்.

வேலை முடிந்து திரும்பினாலும் வெப்பம் விடுவதில்லை. நெருக்கமான காலனி வீடுகளின் தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் பகலெல்லாம் காய்ந்து, உள்ளிருப்போர் மீது அனலை இறக்குகின்றன. இரவிலும் உடல் ஆறாவிட்டால் மறுநாள் உழைப்பு முந்தைய நாளின் களைப்போடு தொடங்குகிறது. வெயிலுக்கு நிறைய நீர் அருந்துங்கள் என்பது அரசின் அறிவுரை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட பிறகும், அந்த அறிவுரையைச் சாதியற்ற ஒன்றாக நாம் படிக்க முடியுமா?

ஒன்றிய அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியலில் குளிரலை இருக்க, வெப்ப அலை இடம்பெறாதிருந்த நிலையில், 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அதனை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. இதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் வெப்பம் கொன்றதைப் பல நேரங்களில் மாரடைப்பு என்றே சான்றிதழ் சொல்கிறது. உயிர் போகாமலே நேரும் இழப்புகளோ எந்தப் பட்டியலிலும் இல்லை. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்வோருக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இருமடங்காவதைக் கண்டது. அவர்கள் அந்த வேலையை விடாததற்குக் காரணம் அறியாமையன்று, அன்றைய கூலி.

எனவே நம் கோரிக்கை கூலியிலிருந்தே தொடங்குகிறது. உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலையில்லா மழைக்காலத்தில் 5,000 ரூபாய் வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் உள்ளது. வானிலையால் இழக்கும் கூலிக்கு அரசு பொறுப்பேற்கலாம் என்ற கொள்கை அதில் ஏற்கப்பட்டுவிட்டது. அதனை வெயிலுக்கும் விரிக்க வேண்டும். ஈரக்குமிழ் அளவின்படி ஓய்வு நேரம் சட்டமாக வேண்டும். அந்த ஓய்வுக்குக் கூலி பிடிக்கப்படக் கூடாது. பணியிடத்தில் நிழலும் நீரும் கழிப்பறையும் வேலை தருபவரின் கடமையாக வேண்டும். சேரிகளிலும் சூளைகளிலும் உப்பளங்களிலும் வெப்பமும் ஈரப்பதமும் அளக்கப்பட வேண்டும். வெப்ப மரணங்களைத் தொழில்வாரியாகவும் சாதிவாரியாகவும் பதிவு செய்து வெளியிட வேண்டும்.

அளவுகோல் அறிவியலிடம் முன்பே இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதை அரசுதான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த கத்திரி வருமுன் அது நடக்கட்டும்.