செவியால் செலுத்தும் கார்

கண் தெரியாத பிள்ளையொன்று மோட்டோர்க் கார்ப் பந்தயத்தில் ஓடி முதலிடம் பெற்றது என்று சொன்னால், வாசகர்களிற் பலர் அதனை வெறும் விளையாட்டுப் பேச்சென்றே கொள்வர். விளையாட்டுத்தான், ஆயின் வெறும் பேச்சன்று. உள்ளங்கையில் அடங்கும் தொலைபேசியிலே, படத்தின் உதவி சிறிதுமின்றி, ஒலியை மட்டும் துணைக்கொண்டு ஓட்டக்கூடிய கார்ப் பந்தய விளையாட்டுக்கள் இன்று உள்ளன. அவற்றைப் பற்றி இவ்வாரம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. "கண்ணில்லாத பிள்ளைகளுக்குப் படிப்பும் தொழிலும் அல்லவோ வேண்டும், விளையாட்டு எதற்கு?" என்று கற்றறிந்தவர்களே கேட்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அக்கேள்விக்குப் பின்னர் வருவோம். முதலில் அந்தக் கார் எவ்வாறு ஓடுகிறது என்று பார்ப்போம்.

வீட்டிலே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பிள்ளைகளில் ஒருவரைக் கதிரையில் இருத்திக் கண்ணைக் கட்டிவிடுங்கள். தலையை அசைக்கலாகாது என்று சொல்லிவிட்டு, வலப்புறமாகவோ இடப்புறமாகவோ நின்று விரலைச் சொடுக்குங்கள். பிள்ளை சற்றும் தயங்காது திசையைக் காட்டும். இனி, நேர் முன்னே நின்று ஒருமுறையும் நேர் பின்னே நின்று ஒருமுறையும் சொடுக்குங்கள். பல வேளைகளில் தடுமாறக் காண்பீர்கள். இங்கிலாந்திலே ரேலி பிரபு என்னும் பௌதிக அறிஞர், ஆகன் வாயுவைக் கண்டறிந்து 1904இல் நொபெல் பரிசு பெற்றவர், 1870களில் புல்வெளியொன்றிலே கண்ணை மூடி நின்று, சுற்றிலும் ஆட்களை நிறுத்தி இதனையே செய்து பார்த்தார். இசைக்கவையின் தூய ஒலி வலத்தில் எழுந்ததா இடத்தில் எழுந்ததா என்பது அவருக்கு உடனே புலப்பட்டது. முன்னா பின்னா என்பது புலப்படவில்லை.

1907ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட கட்டுரை இதன் காரணத்தை விளக்கிற்று. இடப்புறத்தில் எழும் ஒலி வலக் காதை அடையச் சற்றுத் தாமதமாகிறது. அத்தாமதம் செக்கனில் ஆயிரத்திலொரு பங்குகூட இல்லை, மிகுந்தால் 0.6 அல்லது 0.7 மில்லிசெக்கன். அதனையும் நமது மூளை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சுருதி உயர்ந்த ஒலிகளையோ தலை மறைத்து நிழல்போலத் தடுப்பதால், தூரக் காதுக்கு அவை மெலிந்து கேட்கின்றன. இவ்விரண்டையும் ஹெட்போன் மூலம் போலியாக உண்டாக்கலாம். இல்லாத கார் ஒன்று இடப்பக்கமாக நம்மை முந்திச் செல்வதாகச் செவியை நம்பவைக்கலாம். ஒலிப் பந்தயத்தின் அத்திவாரம் இதுவே.

2014இல் ஐபோனுக்கென அமெரிக்காவிலே மார்ட்டி ஷூல்ட்ஸ் என்பவர் வெளியிட்ட 'பிளைண்ட்ஃபோல்ட் றேசர்' என்னும் விளையாட்டு இத்தத்துவத்தை மிக எளிமையாகக் கையாண்டது. தொலைபேசியையே காரின் ஸ்ரியரிங்போல இரு கைகளாலும் பிடித்துத் திருப்பவேண்டும். அதன் வயிற்றுக்குள் இருக்கும் நுண்கருவி திருப்பத்தை அளந்து காருக்குச் சொல்லும். வீதியின் இருமருங்கும் வேலி. அந்த வேலியோ முள்ளும் கம்பியும் அன்று, சங்கீதம். இரு காதிலும் இசை சமமாகக் கேட்டால் கார் நடுவீதியில் போகிறது. இடக் காதில் இசை ஓங்கினால் இடது வேலியை நெருங்கிவிட்டோம், வலப்பக்கம் திருப்பவேண்டும். வழியிலே குறுக்கிடும் விலங்குகளுக்கு விலகிக்கொள்ளவும் வேண்டும், பரிசுப் பொருள்களை மோதிப் பெற்றுக்கொள்ளவும் வேண்டும். ஐந்து நிமிடத்தில் பழகிக்கொள்ளலாம்.

ஆனால், உண்மையான பந்தயக்காரன் வேலிக்குப் பயந்து ஓட்டுபவனல்லன். வரப்போகும் வளைவை முன்னரே கண்டு, எங்கே வேகத்தைக் குறைப்பது, எந்த ஓரத்தால் நுழைந்து எந்த ஓரத்தால் வெளியேறுவது என்று மனத்திலே ஒரு கோடு கீறிக்கொண்டு ஓட்டுபவன். பார்வையற்றோருக்கென எழுந்த பழைய விளையாட்டுக்களிற் பல இவ்விடத்திலேதான் வழுக்கின. சில வீதியையே சுருக்கி வளைவுகளை எளிதாக்கிவிட்டன. வேறு சில "இப்போது இடப்பக்கம் திருப்பு" என்று கட்டளை இட்டன. கட்டளைப்படி திருப்புவதில் என்ன பந்தயம் இருக்கிறது? விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கணக்குச் செய் என்று மாணவனைக் கேட்பது போன்றது அது.

நியூயோர்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் சிமித் என்னும் ஆராய்ச்சியாளர், தம் பேராசிரியர் ஷ்ரீ நாயருடன் இக்குறையை எடுத்து ஆராய்ந்தார். 2018இல் கனடாவின் மொன்றியல் நகரிலே நடைபெற்ற மாநாட்டில் இருவரும் தங்கள் முறையை வெளியிட்டனர். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, காரின் வேகத்தையும் அது வீதியில் எப்பக்கமாகச் சாய்ந்து போகிறது என்பதையும் இடைவிடாது உணர்த்தும் ஓசை. மற்றது, வரப்போகும் வளைவின் திசை, கூர்மை, நீளம், அது வரும் நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே அறிவிக்கும் ஒலிக்குறிகள். சாதாரண ஹெட்போன் போதும். இம்முறையின் சிறப்பு யாதெனில், அது செய்தியைச் சொல்கிறதேயன்றிச் செய்யவேண்டியதைச் சொல்லவில்லை. வளைவு கூர்மையானது என்று தெரிந்தபின் வேகத்தைக் குறைப்பதும், துணிந்து அப்படியே பாய்ந்து மதிலில் மோதுவதும் ஓட்டுபவரின் சித்தம். பிழைவிடும் உரிமையும் அவருக்குக் கிடைத்துவிடுகிறது. என் எண்ணத்தில் இதுவே பெரிய காரியம்.

ஐந்தாண்டுகளின் பின் பெருவணிக உலகமும் இந்த வழிக்கு வந்தது. 2023 ஒக்ரோபர் மாதத்தில் வெளிவந்த 'ஃபோர்ஸா மோட்டோர்ஸ்போர்ட்' என்னும் பந்தய விளையாட்டில் பார்வையற்றோருக்கான ஒலித்துணைகள் சேர்க்கப்பட்டிருந்தன. வீதியின் ஓரம், வளைவு, வேகம் குறைக்கவேண்டிய இடம் என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி; ஒவ்வொன்றையும் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் இயலும். பிறவியிலேயே பார்வையற்றவரான பிரண்டன் கோல் என்னும் அமெரிக்கர் இதனை அமைப்பதில் ஆலோசகராக உழைத்தார். அவ்வாண்டிறுதியில் இவ்வகைப் புதுமைக்கான விருதும் அவ்விளையாட்டுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டிலே அவர் காலமானார். எனினும் இது எக்ஸ்பொக்ஸ் இயந்திரத்துக்கும் கணினிக்கும் உரியது. விலையும் நம் குடும்பங்களுக்கு எட்டாதது. ஆதலால்தான் தொலைபேசி முக்கியமாகிறது. அது ஏற்கனவே வீட்டில் இருக்கிறது.

தொலைபேசியிலும் இடையூறு இல்லாமலில்லை. 2009இல் ஐபோனில் 'வொய்ஸ்ஓவர்' என்னும் திரைவாசிப்பு வசதி வந்தபோதுதான், தட்டையான கண்ணாடித் திரை பார்வையற்றவர் கைக்கும் வசமாயிற்று. விரல் பட்ட இடத்தில் உள்ளதை அது வாசித்துச் சொல்லும். இருமுறை தட்டினால்தான் அதனைத் தேர்ந்துகொள்ளும். கடிதம் வாசிப்பதற்கு இது மிக நன்று. அரைச் செக்கனில் பிறேக் போடவேண்டிய பந்தயத்திலோ, தட்டியதெல்லாம் வாசிப்புக்குப் போய்விட்டால் கார் மதிலில்தான் நிற்கும். ஆகவே ஓட்டம் நடக்கும்போது விரல்தொடுகை நேரே விளையாட்டைச் சென்றடையவும், ஓட்டம் முடிந்ததும் மீண்டும் வாசிப்புக்கு மாறவும் அமைப்பவர் வழிசெய்ய வேண்டும். சிலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

கம்பியில்லா ஹெட்போனாலும் தொல்லை உண்டு. புளூடூத் வழியே வரும் ஒலி செக்கனில் பத்திலொரு பங்கு பிந்தி வருவது சாதாரணம். பாட்டுக் கேட்பவருக்கு அது தெரியவும் மாட்டாது. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காரோ அந்த நேரத்துக்குள் ஐந்தரை மீற்றர் போய்விடும். ஆதலால், பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் கம்பியுள்ள மலிவான ஹெட்போனையே வாங்குக. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பொருட்படுத்தவேண்டாம். உங்கள் தொலைபேசியில் அதற்கான துவாரம் உண்டா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். விளையாட்டு எதற்கு என்பவர்கள் தம் சொந்தப் பிள்ளைகளைப் பார்த்து அவ்வாறு கேட்பதில்லை. மாலையில் பிள்ளை மைதானத்துக்குப் போகாமலிருந்தால் உடம்புக்கு என்னவோ என்று அஞ்சுவர். பார்வையற்ற பிள்ளை மட்டும் எந்நேரமும் பயனுள்ள காரியமே செய்துகொண்டிருக்க வேண்டுமாம்! பயனைக் காட்டித்தான் விளையாட அனுமதி பெறவேண்டுமாயின், அது விளையாட்டாகாது. அதற்காகச் செவிப் பயிற்சி, திசையறிவு என்றெல்லாம் இவ்விளையாட்டுக்களுக்கு நான் சான்றிதழ் வழங்கப்போவதில்லை. வெல்வதும் தோற்பதும், "இன்னும் ஒரு ஓட்டம், அம்மா" என்று கெஞ்சி ஏச்சு வாங்குவதும் மற்றப் பிள்ளைக்கு உண்டென்றால் இந்தப் பிள்ளைக்கும் உண்டு.

பார்வையற்றோர் கிரிக்கெற்றை எண்ணிப் பாருங்கள். 1998இல் புதுடில்லியிலே முதலாவது உலகக் கிண்ணப் போட்டி நடந்தபோது நம் நாட்டு அணியும் ஆடிற்று. பந்துக்குள்ளே சிறு உருளைகள் கலகலக்கும். அந்த ஓசையைக் கொண்டே துடுப்பாட்டக்காரர் அடிப்பார். அதனைப் பார்த்து எவரும் இரக்கப்படுவதில்லை. ஓட்ட எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள்.

தொலைபேசிப் பந்தயத்தில் ஒரு குறை எஞ்சியிருக்கிறது. இவற்றிற் பெரும்பாலானவை தொடக்க விளக்கங்களை ஆங்கிலத்திலேயே பேசுகின்றன. கார் புறப்பட்டபின் மொழி வேண்டியதில்லை, புறப்படும்வரை வேண்டும். அந்தச் சில நிமிடத்துக்கு அண்ணனோ அக்காவோ அருகில் இருந்து சொல்லிக்கொடுத்தால் போதும். சொல்லிக்கொடுத்தபின், அவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓர் ஓட்டம் ஓடிப் பார்க்கலாம். முதல் நாளில் தம்பியிடம் தோற்பார்கள்.