கட்டும் தமிழும் அறுக்கும் 'கட்'டும்

தமிழில் கட்டு என்றால் பிணைப்பு. வீடு கட்டுகிறோம்; தாலி கட்டுகிறோம்; பூக் கட்டுகிறோம்; புண்ணுக்குக் கட்டுப் போடுகிறோம்; ஊர் கூடிக் கட்டுப்பாடு செய்கிறோம். சிதறியதைச் சேர்ப்பதும் சேர்ந்ததை நிலைநிறுத்துவதும் கட்டு. ஆங்கிலத்திலும் ஒரு 'கட்' உண்டு. ஒலியால் அது நம் கட்டுக்கு அண்டை, பொருளால் பகை. அறுப்பதே அதன் தொழில். இவ்விரண்டனுள் இன்று தமிழன் நாவில் ஓயாது ஒலிப்பது எது?

வேலூர் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை ஒருநாள் செவிகொடுத்து நடப்பார்க்கு விடை கிடைக்கும். மின்னோட்டம் நின்றால் 'கரண்டு கட்'. மாணவன் வகுப்புக்கு மட்டம் போட்டால் 'கட்'. தொலைபேசித் தொடர்பு அறுந்தால் 'கட்'. நட்பு முறிந்தாலும் 'கட்'. முடி திருத்தினால் 'கட்டிங்'. தரகன் இடையிற் சுருட்டும் பங்கும் 'கட்டிங்'. குடியர் தமக்குள் பகிரும் அளவும் 'கட்டிங்'. தெருமுனையில் வானளாவ நிற்கும் தலைவன் உருவம் 'கட்அவுட்டு'. கல்லூரியிற் சேரத் தேவையான எல்லை மதிப்பெண் 'கட்ஆப்பு'. தடை, மட்டம், முறிவு, திருத்தம், தரகு, எல்லை என்று தனித்தனியே உயிர்வாழ்ந்த தமிழ்ச் சொற்களையெல்லாம் ஓரசைச் சொல் ஒன்று விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறது!

"ஒரு சிறு சொல் இத்தனை பொருள் தருவது ஆங்கிலத்தின் ஆற்றலன்றோ?" என்று வினவுவார் உளர். பலபொருள் ஒருசொல் தமிழுக்குப் புதிதன்று. ஒருபொருள் குறித்த வேறுசொல் என்றும், வேறுபொருள் குறித்த ஒருசொல் என்றும் திரிசொல்லைத் தொல்காப்பியர் அன்றே இருவகைப்படுத்தினார். ஒரு சொல் தன் சொந்த மண்ணில் கிளைவிடுவது இயற்கை. அயல்மண்ணிற் புகுந்து அங்குள்ள பயிரை அழித்துப் படர்வதோ களை. மேலும், ஆங்கிலன் அச்சொல்லை மொட்டையாக வழங்குவதில்லை. அதன்பின் துணைச்சொல் ஒன்றை ஒட்டிக் குறைத்தலையும் துண்டித்தலையும் இடைமறித்தலையும் வேறுபடுத்திக் கொள்கிறான். நம்மவரோ அத் துணைச்சொல்லையும் பெரும்பாலும் உதறிவிட்டுப் 'பண்ணு' என்றும் 'ஆகு' என்றும் இரண்டு வால்களை ஒட்டி, எல்லா வினைக்கும் அதையே ஏவுகின்றனர். இது ஆங்கில அறிவும் அன்று, தமிழறிவும் அன்று!

தமிழனுக்கா அறுத்தற் சொல் பஞ்சம்? கதிரை அறுக்கிறோம், பூவைக் கொய்கிறோம், காயை நறுக்குகிறோம், கீரையை அரிகிறோம், மரத்தை வெட்டுகிறோம், விறகைப் பிளக்கிறோம், மூங்கிலைப் போழ்கிறோம், இளநீரைச் சீவுகிறோம், கல்லைச் செதுக்குகிறோம், துணியைக் கத்தரிக்கிறோம், தலையை மழிக்கிறோம். ஒவ்வொன்றிலும் கருவி வேறு, கையசைவு வேறு, விளைவு வேறு. அவ்வேறுபாட்டைக் கண்டே முன்னோர் சொல்லையும் வேறாக்கினர்.

இவ்வுண்மையைத் தோல்தொழில் அறிந்த வடார்க்காட்டு மக்களுக்கு வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட நாளிலும் சரி, பெரும்பொறிகள் வந்த பின்னும் சரி, தோலை உரிப்பது ஒரு வேலை. மயிர் களைவது ஒரு வேலை. உட்புறம் ஒட்டிய ஊனை வழிப்பது ஒரு வேலை. தடித்த தோலைப் படலமாகப் பிளப்பர், தடிப்பு ஒத்துவரச் சீவுவர், ஓரத்தைக் கத்தரிப்பர். காலணியின் மேற்பகுதிக்குரிய துண்டுகளை அச்சுக்கத்தியால் வெட்டுவர்; மடித்துத் தைப்பதற்கேற்ப அவற்றின் விளிம்பை மெல்லிதாக இழைப்பர். இழைக்க வேண்டிய விளிம்பை வெட்டிவிட்டால் துண்டு பாழ். ஆங்கிலனும் தன் தொழிலில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறான். தொழிலாளியின் கை இன்றும் வேறுபாடு தவறுவதில்லை. நாவு மட்டும் ஏன் தவற வேண்டும்?

நாவின் தவறு நாவோடு நிற்பின் பொறுக்கலாம். அது மடியில் கைவைக்கிறது. மாத முடிவில் கூலிச்சீட்டைப் பெறும் பெண்தொழிலாளி, "இவ்வளவு கட் ஆயிற்று" என்கிறாள். எதற்கு ஆயிற்று? வருங்கால வைப்புநிதிக்குப் பிடித்தமா? அது 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த அவள் சேமிப்பு. நிறுவனமும் தன் பங்கைச் சேர்த்தாக வேண்டும். வாங்கிய முன்பணத்துக்குக் கழிவா? வாராத நாளுக்குக் குறைப்பா? பிழைக்குத் தண்டமா? இழப்புக்கு ஈடா? 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கற் சட்டமே இவற்றைத் தனித்தனி வகையாகப் பிரித்தது. சட்டம் பிரித்ததைச் சொல் ஒன்றாக்கிவிட்டது. பிடித்தம் என்றால் பிடித்தவர் யார் என்ற வினா எழும். தண்டம் என்றால் குற்றம் என்ன என்ற வினா எழும். 'கட் ஆயிற்று' என்றாலோ மழை பெய்ததுபோல் அது தானே நிகழ்ந்ததாகிவிடுகிறது. கேட்பதற்குச் சொல் இல்லாதவள் எதைக் கேட்பாள்?

பொறியில் விரல் பட்டாலும் 'விரல் கட்'. கீறலா, வெட்டா, துண்டிப்பா? மருத்துவனுக்கும் காப்பீட்டு அலுவலருக்கும் இம்மூன்றும் ஒன்றல்ல. வாழ்நாள் ஊனத்துக்குரிய ஈட்டுத்தொகை அச்சொல்லில் தொங்குகிறது. சொல்லைத் தொலைத்தவன் உரிமையையும் தொலைக்கிறான்.

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ்ப் பணிக்கு இம் மண் அயலன்று. மொழிஞாயிறு பாவாணர் இளமையிற் கற்றதும், பின்னர் ஆசிரியப்பணி ஏற்றதும் ஆம்பூரில். பல்லாண்டு உறைந்தது காட்டுப்பாடியில். சொல்லின் வேரை அகழ்ந்து காட்டிய அப்பெருமகன் நடந்த தெருவிலேயே சொற்கள் வேரோடு சாய்வதா?

தமிழ் மக்களே! ஆங்கிலம் கற்பதைத் தடுப்பார் யாருமிலர்; ஆங்கிலத்தில் பேசுங்கால் ஆங்கிலமே பேசுக. தமிழில் பேசுங்கால் தமிழ்வினையை வழங்குக. ஆசிரியர்கள் தம் மாணவரின் பெற்றோரிடம் சென்று பட்டறைச் சொற்களைக் கேட்டுத் தொகுத்திடுக. தொழிற்சங்கத்தார், கூலிச்சீட்டின் ஒவ்வொரு பிடித்தமும் தமிழில் அதனதன் பெயரோடு வரவேண்டும் எனக் கேட்டுப் பெறுக. மின்தடை என்க, பிடித்தம் என்க, தண்டம் என்க, கீறல் என்க. அறுக்கும் 'கட்'டை அறுத்தெறிந்து, தமிழாற் கட்டுண்டு நிற்போம்!