கும்பிடு வேண்டாம், கணக்கு வேண்டும்



முதியோருக்கு ஒரு கம்பெனி நிதி கொடுத்தால் மாலை போடுகிறோம், மேடை போடுகிறோம், 'தர்மவான்' என்று கைகூப்புகிறோம். கைகூப்புமுன் சட்டத்தைப் பார்ப்போம்.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் காணும் கம்பெனி, முந்திய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். முதியோர் இல்லமும் பகல்நேரக் காப்பகமும் அந்தப் பணிகளின் பட்டியலில் உள்ளன. தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்ற வாசகமும் உண்டு. லாபம் உழைப்பில் விளைந்தது. ஆகவே இது எசமான் போடும் பிச்சை அல்ல.

நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவித் தோல் பதனிடும் கொட்டகைகளில் முதுகொடிந்தவர்கள் எத்தனை பேர்! பிராவிடண்ட் பண்டையே கண்ணால் காணாமல் கிழடானவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய சந்துகளுக்கு இந்தப் பணம் ஏன் எட்டுவதில்லை?

காகிதம் இல்லை. அதுதான் காரணம். நிதி பெறும் சங்கத்துக்கு முறையான பதிவு வேண்டும். வருமான வரித்துறையின் சான்றுகள் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே பணியில் மூன்றாண்டு அனுபவம் காட்ட வேண்டும். பிணத்தை ஊருக்கு அனுப்புவது முதல் ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்காருவது வரை பல சங்கங்கள் தலைமுறையாகச் செய்து வருகின்றன. ஆனால் நோட்டில் ஏறவில்லை. ரயில்வே ஆபீசில் முப்பது நாள் வேலை பார்த்தவனுக்கும் தெரியும்: ரிஜிஸ்டரில் ஏறாத வேலை, நடக்காத வேலை.

ஆகவே இன்றே தொடங்குவோம். சங்கத்தின் ஓர் அறையைப் பகலில் பெரியவர்களுக்கு விடுங்கள். மதியம் ஒரு வேளைச் சோறு, வாரம் ஒருமுறை ரத்த அழுத்தச் சோதனை, பென்ஷன் மனு எழுதித்தர ஒரு பிள்ளை. இது போதும். வந்தவர் பெயர், தேதி, கைநாட்டு, செலவு ரசீது எல்லாம் நோட்டில் ஏறட்டும். ஆண்டுதோறும் ஆடிட்டர் கையெழுத்து வாங்குங்கள். மூன்றாண்டு கழித்து அந்த நோட்டோடு கம்பெனி வாசலுக்குப் போவோம். தலைநிமிர்ந்து கேட்போம்.

ஓர் எச்சரிக்கை. நிதி ஓராண்டு வரும், மூன்றாண்டு வரும். அதிகாரி மாறினால் நின்றுபோகும். கிழவிக்குப் பசி நிற்காது. அதை அரசுப் பென்ஷன்தான் தாங்க வேண்டும். 2007இல் இந்திரா காந்தி தேசிய முதியோர் பென்ஷன் திட்டம் வந்தபோது மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 79 வயது வரை உள்ளவர்களுக்கு இன்றும் அதே 200தான்! அரிசி விலை அப்படியேவா நிற்கிறது?

'கம்பெனிகள் கவனித்துக்கொள்ளும்' என்று சொல்லி அரசு கைகழுவ நாம் இடம் தரலாகாது. நிதியைக் கணக்கு காட்டிக் கேட்போம். பென்ஷனைப் போராடிப் பெறுவோம். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட மாட்டோம்.

அடுத்த பொதுக்குழுவில் முதல் தீர்மானமாக இதைக் கொண்டுவாருங்கள்.