வீட்டுல விட்டாங்களா?

2023 அக்டோபர். கோவாவின் மிராமர் கடற்கரை. கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்கு மேல் 21.1 கிலோமீட்டர் ஓடி முடித்து நிற்கிறேன். கழுத்தில் பதக்கம். கால்களில் உணர்வே இல்லை. உப்பு காய்ந்து முகத்தோல் இழுக்கிறது. முதல் ஆளாக வாழ்த்த வந்தவர் நம் தமிழ்நாட்டுக்காரர், அவரும் போட்டியாளர். என்னைப் பார்த்து ஒரு புன்னகை. பிறகு என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"சூப்பர் சார். இவ்ளோ தூரம் விட்டிருக்கீங்களே, நீங்கதான் கிரேட்!"

எட்டரை மணி நேரக் கெடுவுக்குள் முடித்தவள் நான். கிரேட் அவர்.

இந்தக் கட்டுரை அவர் சொன்ன அந்த வினைச்சொல்லைப் பற்றியது. விடுதல்.

அதை நான் கோவாவில் முதல்முறையாகக் கேட்கவில்லை. பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து கேட்கிறேன். பால் ஊற்றுகிறவர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் என்னோடு பாடம் நடத்தும் ஆசிரியைகள் கேட்டார்கள். என் சொந்தச் சித்தி கேட்டார். "ஏம்மா, வீட்டுல விட்டாங்களா?" மாட்டை அவிழ்த்து விடுவார்கள். கன்றைப் பால் குடிக்க விடுவார்கள். நாற்பது வயதான, இரண்டு பிள்ளை பெற்ற, மாதச் சம்பளம் வாங்குகிற பெண்ணைப் பந்தயத்துக்கு விடுகிறார்கள். மாட்டுக்கும் எனக்கும் ஒரே வினைச்சொல்.

என் ஊர் ஓமந்தூர். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது. பிறந்ததும் அங்கேதான், வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். நாடு விடுதலை பெற்றபோது சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஊர் என்றால் பலருக்கும் தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆண்டுக்கணக்கில் போராடிய தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் நிறைவேறியது அவருடைய ஆட்சியில்தான். பெண்ணைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுத்த சட்டம் எங்கள் ஊர்க்காரர் காலத்தில் வந்தது என்று நாங்கள் பெருமை பேசுவோம். ஆனால் வீட்டுக்குள் ஓடுகிற சட்டம் ஒன்று இருக்கிறது. அதை எந்தச் சட்டமன்றமும் இயற்றவில்லை. அதனால் எந்தச் சட்டமன்றத்தாலும் ரத்து செய்யவும் முடியவில்லை.

டிரையத்லான் என்றால் என்னவென்று கேட்பவர்களிடம் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் செய்வது என்பேன். "இந்த வயசுல எங்க கத்துக்கிட்ட?" என்பார்கள். எதையும் புதிதாகக் கற்கவில்லை. மூன்றும் என்னிடம் இருந்தவை. ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டவை.

முதலில் நீச்சல். அப்பாவின் பம்புசெட்டுக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு இறங்கினேன். எட்டு வயதில் மோட்டார் கொட்டகை மேலிருந்து குதித்தேன். பன்னிரண்டு வயதில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அன்றோடு கிணற்றுத் தண்ணீர் முடிந்தது. "வயசுக்கு வந்த பொண்ணு ஈரத்துணியோட வரப்புல நடந்து வரலாமா?" தம்பி மட்டும் தொடர்ந்து குதித்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்குத் துண்டு எடுத்துக்கொண்டு போனேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்களுக்கு நிலம் இருந்ததால்தான் எனக்கு அந்தக் கிணறும் கிடைத்தது. அதே வயலில் நடவு நட வந்த காலனி அக்காக்களின் பிள்ளைகள் அதில் இறங்க முடியாது. அப்போது அது எனக்குத் தவறாகவே தெரியவில்லை. என்னைத் தடுத்தபோதுதான் தடுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அது பிறந்த நாளிலிருந்தே தெரியும்.

அடுத்தது சைக்கிள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள். குவாரியில் கல் உடைத்தவர்களும் வயலில் வேலை செய்தவர்களும் அதில் இருந்தார்கள். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். சைக்கிள் பழகிய பெண் பேருந்துக்காகவும் ஆண் துணைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. பிறகு அரசு பள்ளி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுத்தது. இன்று என் வகுப்புப் பெண்கள் கூட்டம் கூட்டமாக மிதித்து வருகிறார்கள். அந்தச் சைக்கிள்கள் கல்யாணத்துக்குப் பிறகு என்ன ஆகின்றன என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? என் சைக்கிள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்தே துருப்பிடித்தது. "கட்டிக்கிட்டுப் போன பொண்ணு சைக்கிள் மிதிச்சா, புருஷனுக்கு வண்டி வாங்க வக்கில்லன்னு ஊர் பேசும்." அதன்பின் பதினைந்து வருடம் நான் வண்டியின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போனேன்.

மூன்றாவது ஓட்டம். இதில் நம் மொழியே சாட்சி. ஓடுகிற ஆணுக்கு ஓட்டப்பந்தய வீரன் என்று பெயர். பெண்ணுக்கு? "ஓடுகாலி" என்ற வசவைத்தான் நம் தெருக்கள் சேர்த்து வைத்திருக்கின்றன. விடியற்காலை நாலரை மணிக்கு நான் ஓடியபோது ஒருவர் பைக்கை நிறுத்தி, "யாராவது துரத்துறாங்களாம்மா?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். துரத்தப்படாமல் ஒரு பெண் ஓடுவாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

முப்பத்தெட்டு வயதில் இந்த மூன்றையும் திரும்ப எடுத்தேன். நீந்த ஒரு குளத்தில் சேர்ந்தேன். பெண்களுக்கான நேரம் வேலை நாளில் காலை பத்திலிருந்து பதினொன்று என்று பலகையில் எழுதியிருந்தது. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு நீச்சல் எதற்கு என்று அவர்கள் முடிவு செய்திருக்க வேண்டும். அப்பாவின் கிணற்றுக்கே திரும்பிப் போனேன். புதுச்சேரி சாலையில் லாரிகளுக்கு ஓரமாகச் சைக்கிள் மிதித்தேன். "உன் பொண்டாட்டி டவுசர் போட்டுக்கிட்டு ரோட்டுல போறா" என்று என் கணவரிடம் வந்து சொன்னார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. டவுசர் என்னுடையது, புகார்ப் பெட்டி அவருடையது.

பிறகு கோவா. "போறதுன்னா குடும்பத்தோட போ" என்பதுதான் நிபந்தனை. கணவர், அத்தை, பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன், நான். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, பெங்களூரு, ஹூப்ளி வழியாக வேனில் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். என் சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றிப் பின்னால் படுக்க வைத்தோம். அதன்மேல் ஏறியவை: மின்சாரக் குக்கர், அரிசி, புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, அத்தையின் மாத்திரை டப்பா, மகனின் ஜுர மருந்து, எல்லோருடைய துணிகள். என் போட்டிப் பை கடைசியாக ஏறியது. இவை அத்தனையையும் எடுத்து வைத்தவள் நான்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

போட்டிக்கு முந்தைய இரவு சீக்கிரம் தூங்கு, கால்களுக்கு ஓய்வு கொடு என்று எல்லாப் பயிற்சிப் புத்தகமும் சொல்லும். அன்றிரவு ஒன்பது மணிக்கு விடுதி அறைத் தரையில் உட்கார்ந்து தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். அத்தைக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. பத்தரைக்கு, "என் சார்ஜர் எங்க வச்ச?" பன்னிரண்டுக்கு மகனுக்குத் தண்ணீர். மூன்று மணிக்கு அலாரம்.

பக்கத்து அறையிலும் ஒரு போட்டியாளர், மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தார். முந்தைய நாள் மாலையே அவர் மனைவி தண்ணீர் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். பிள்ளைகள் அட்டையில் "கமான் அப்பா" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டு மணிக்கு அந்த அறையில் விளக்கு அணைந்துவிட்டது. அவரும் குடும்பத்தோடு வந்தவர்தான், நானும் குடும்பத்தோடு வந்தவள்தான். குடும்பம் அவரைச் சுமந்து வந்தது. நான் குடும்பத்தைச் சுமந்து வந்தேன். "பிள்ளைங்கள வச்சுக்கிட்டு எப்படி மேடம் சமாளிக்கிறீங்க?" என்று என்னைக் கேட்டவர்கள் ஐந்து பேர். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

இந்தப் போட்டியில் ஒரு விதி உண்டு. தொடங்கிய பிறகு வெளியாள் யாரும் போட்டியாளருக்கு எதையும் நீட்டக் கூடாது, கூடவே ஓடி வரவும் கூடாது. உதவி பெற்றால் தகுதி போய்விடும். அதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். வெளி உதவி இல்லாமல் ஓடுவதற்கு எங்களுக்குத் தனிப் பயிற்சி எதற்கு? ஆணுக்கு அந்தக் கடுமை கடலில் கால் வைத்ததும் தொடங்குகிறது. பெண்ணுக்கு அப்போது பாதித் தூரம் முடிந்திருக்கும். உண்மையைச் சொல்கிறேன், அந்த எட்டு மணி நேரம்தான் பல வருடங்களில் எனக்குக் கிடைத்த ஓய்வு. யாரும் என்னிடம் சார்ஜர் கேட்க முடியாது.

"ஆனாலும் உன் புருஷன் கூட வந்தாரே, எத்தனை பேர் வருவாங்க?" என்று என் தோழிகளே கேட்டார்கள். வந்தார். லீவு போட்டு வந்தார். கரையில் நின்று கை தட்டினார். அவருடைய பிரியத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கை தட்டுவது வேறு, தயிர்சாதம் பிசைவது வேறு. 2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அதிலும், எந்த நாளை எடுத்தாலும், வீட்டு வேலையில் கையே வைக்காத ஆண்கள் நூற்றுக்கு எழுபதுக்கு மேல். எனக்குப் பயிற்சிக்கு வாரம் பத்து மணி நேரம் தேவைப்பட்டது. நாட்டின் சராசரிப் பெண் இரண்டே நாளில் அடுப்படியில் கொடுக்கும் நேரம் அது. எங்கள் ஊரில் குனிந்து நாள் முழுக்க நடவு நட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து விறகடுப்பை ஊதுகிற பெண்களின் உடல் வலுவைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. அவர்களிடம் இல்லாதது நேரமும் பணமும். இந்த விளையாட்டின் நுழைவுக் கட்டணத்தைக் கேட்டால் அவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சம்பளம் இருந்தது, கட்டினேன். அந்தச் சம்பளம் இருந்தும் என் நேரத்துக்கு நான் அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் விஷயம்.

போட்டியின் பெயரே "அயன்மேன்". 1978இல் ஹவாயில் முதன்முதலாக நடந்தபோது தொடங்கிய பதினைந்து பேரும் ஆண்கள். அடுத்த ஆண்டே லின் லெமேர் என்ற பெண் ஒருத்தியாக வந்து, ஆண்கள் நடுவே ஐந்தாவதாக முடித்தார். பெண்ணால் முடியுமா என்ற கேள்விக்கு 1979லேயே பதில் கிடைத்துவிட்டது. "விட்டாங்களா?" என்ற கேள்விக்குத்தான் இன்னும் நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

திரும்பும் வழியில், கிருஷ்ணகிரி தாண்டி எல்லோரும் தூங்கிய பிறகு, அத்தை மெதுவாகப் பேசினார். "நானும் கெணத்துல நீந்துனவதாம்மா. செஞ்சிப் பக்கம் எங்க அப்பா ஊட்டுக் கெணறு இதைவிட ஆழம். முங்கி மண்ணு எடுத்தாருவேன்." இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். இதை அவர் சொன்னதே இல்லை. யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த வாட்டி நான் வரல. நீ மட்டும் போ. நாங்க வந்தா உனக்கு வேலதான்" என்றார்.

என்னைச் சுற்றி இருந்தவர்களில் முதல்முறையாக "போ" என்று சொன்னவர் அவர்தான். விடுகிறேன் என்று சொல்லவில்லை. போ என்றார்.

தமிழில் "வீடு" என்ற சொல்லே "விடு" என்பதிலிருந்து வந்தது என்பார்கள். அறம், பொருள், இன்பம், வீடு என்னும்போது அதற்கு விடுதலை என்று பொருள். நம் வீடுகள் அந்தப் பொருளை ஆண்களுக்கு வைத்துக்கொண்டு, கதவை மட்டும் நமக்குக் கொடுத்திருக்கின்றன.

ஆகவே தோழிகளே, மூன்று காரியங்கள் செய்வோம். "விட்டாங்களா?" என்று கேட்பவர்களிடம் "யாரை?" என்று திருப்பிக் கேட்போம். மைதானத்துக்கு வரும் ஆண்களிடமும், "பிள்ளைங்கள யார் சார் பாத்துக்கிறாங்க?" என்று தவறாமல் கேட்போம், அவர்கள் பதில் தேடித் தடுமாறும்வரை. கூட வருகிறேன் என்று சொல்லும் குடும்பத்திடம், வந்து என்ன வேலை செய்வீர்கள் என்று முன்கூட்டியே கேட்டு வாங்குவோம். ஒன்றும் இல்லையென்றால் அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். குக்கரும் அங்கேயே இருக்கட்டும்.

என் மகள் போன வருடம் பெரியவளானாள். இந்தக் கோடையில் அவளைக் கிணற்றுக்குக் கூட்டிப் போனேன். காலனியிலிருந்து அவளுடைய வகுப்புத் தோழிகள் இரண்டு பேரும் வந்தார்கள். ஊரில் பேச்சு எழுந்தது. எழட்டும். அப்பா கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு மோட்டாரை நிறுத்தினார். அத்தை கிணற்று மேட்டில் உட்கார்ந்து, "கைய நல்லா வீசுடி" என்று கத்திக்கொண்டிருந்தார்.

யாரும் யாரையும் விடவில்லை. பிள்ளைகள் குதித்தார்கள்.