‘தேய்மானம்’ என்றொரு தப்பிக்கும் வழி

லாரியிலிருந்து ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் வாங்கித் திரும்பும்போது இடுப்பில் ‘சுருக்’கென்று ஒரு வலி. லோடுமேன் மூட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். “முதுகு பிடிச்சுக்கிச்சு” என்று தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வருகிறார். கால் மரத்துப்போன பிறகுதான் ஸ்கேன் எடுக்கப் போகிறார். எம்ஆர்ஐ அறிக்கையில் ‘தேய்மான மாற்றங்கள்’ என்று ஒரு வரி இருக்கும். இழப்பீட்டு ஆணையர் முன் எதிர்த்தரப்புக்கு அந்த ஒரு வரியே போதுமானதாகிவிடுகிறது: இது வேலையால் வந்ததல்ல, வயதால் வந்தது.

அந்த வரிக்கு இவ்வளவு மதிப்புக் கொடுப்பதே தவறு. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. இருபது வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு முதுகுத்தண்டின் ஜவ்வில் தேய்மானம் இருந்தது. எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கு. வலியில்லாமல் நடமாடுகிறவர்களுக்கே இருக்கும் ஒன்று, ஒருவர் திடீரென்று முடங்கியதற்கு முழுக் காரணம் ஆகிவிடாது. இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு, ஜவ்வுத் தேய்மானத்தில் பரம்பரையின் பங்கு பெரிது, சுமையின் பங்கு சிறிது என்றது. அதாவது, ஸ்கேனை நீட்டி ‘வேலைதான் காரணம்’ என்று தொழிலாளியும் நிரூபித்துவிட முடியாது. முதுகின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் படம் காட்டும். நேற்று நூறு மூட்டை சுமந்தவரால் இன்று ஏன் ஒன்றைக்கூடத் தூக்க முடியவில்லை என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. சட்டம் கேட்பதோ அந்தக் கேள்வியைத்தான்.

‘வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்த விபத்து’ என்ற 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் வாசகம் பிரிட்டனிலிருந்து வந்தது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அந்த வாசகம் தொடர்கிறது. எந்திரத்தின் சக்கரத்தைத் திருப்ப மூச்சைப் பிடித்து முயன்றதில் ஒரு தொழிலாளிக்குக் குடலிறக்கம் ஏற்பட்டது. வழுக்கி விழவில்லை, எதுவும் உடையவில்லை. ஆனாலும் அது விபத்துதான் என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1903இல் தீர்ப்பளித்தது. 1910இல் வந்த வழக்கு இதைவிடக் கடினமானது. ஸ்பேனரால் நட்டு முறுக்கிக்கொண்டிருந்தவர் ரத்தக்குழாய் வெடித்து இறந்தார். முன்பே வீங்கி நலிந்திருந்த அந்தக் குழாய், தூக்கத்தில்கூட வெடித்திருக்கலாம் என்றது மருத்துவச் சாட்சியம். அப்படியிருந்தும் அவருடைய குடும்பத்துக்கு இழப்பீடு கிடைத்தது. நலிந்த உடம்போடு வேலைக்கு வருகிறவருக்கும் சட்டத்தின் காவல் உண்டு என்பது நூறாண்டுக்கு முன்பே முடிந்துபோன விஷயம். அதை நம்மூர் விசாரணைகளில் ‘தேய்மானம்’ என்ற ஒரு சொல் தினமும் புதிதாகத் திறந்துவைக்கிறது.

ஒரே நாளில் ‘சுருக்’கென்று பிடித்தவரின் கதை இது. பதினைந்து வருடம் சுமந்து, எந்த நாளில் முதுகு போனது என்றே சொல்ல முடியாதவருக்கு ‘விபத்து’ என்ற கதவு திறக்காது. தொழில்சார் நோய்களைப் பட்டியலிடும் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைதான் அவருக்கு மிச்சம். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் அதில் உண்டு, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை உண்டு. சுமையால் வரும் முதுகு நோய் இல்லை. மூட்டை சுமந்தே ஊருக்குச் சோறு போடும் நாட்டில் இது சின்ன மறதி அல்ல.

ஜெர்மனி 1993 முதல், நீண்டகாலம் சுமை தூக்கியதால் வரும் இடுப்பு ஜவ்வு நோயைத் தொழில்சார் நோயாக ஏற்கிறது. எவ்வளவு எடை, ஒரு நாளில் எத்தனை தடவை, எத்தனை வருடம் என்று ஆயுட்காலச் சுமையைக் கணக்கிட அங்கே ஒரு முறை வகுக்கப்பட்டது. அதன் வரம்பு மிக உயரம் என்று 2007இல் அந்நாட்டு உச்ச சமூக நீதிமன்றம் பாதியாகக் குறைத்தது. பிரான்ஸ் 1999 முதல் இன்னும் எளிமையாகச் செய்கிறது. பட்டியலிட்ட வேலைகளில் ஐந்து வருடம் சுமை தூக்கியவருக்குக் குறிப்பிட்ட வகை ஜவ்வு விலகல் வந்தால், வேலைதான் காரணம் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். நம் மத்திய அரசும் மூன்றாம் அட்டவணையில் இந்த நோயைச் சேர்க்க வேண்டும். இது புதிய அறிவியல் கேட்கும் வேலையில்லை, ஓர் அறிவிக்கை போதும்.

அனுமானம் நமக்கும் புதிதல்ல. வேலை நேரத்தில் விபத்து நடந்தால், மாற்றுச் சாட்சியம் இல்லாதவரை அது வேலையால் நேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று பழைய ஈஎஸ்ஐ சட்டத்தின் 51ஏ பிரிவு சொன்னது. ஈஎஸ்ஐக்கு வெளியே இருந்தவருக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சலுகையைத் தரவில்லை. ஒப்பந்தக்காரரின் கீழ் பெயர்ப்பதிவுகூட இல்லாமல் சுமப்பவர்தான் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டியவராகிறார். பலம் குறைந்தவன் தலையில் கூடுதல் பாரம்.

காரணம் ஒப்புக்கொள்ளப்பட்டாலும் அடுத்த வெட்டு சதவீதத்தில் விழுகிறது. மருத்துவர் 20 சதவீத ஊனம் என்று எழுதினால், நாற்பது வயதுக்காரருக்கு, 2020இல் அறிவிக்கப்பட்ட 15,000 ரூபாய் ஊதிய வரம்புப்படி சுமார் 3.31 லட்சம் ரூபாய் வரும். ஆனால் உடம்பின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. ஒரு கையை இழந்த தச்சரால் இனி தச்சு வேலை செய்ய முடியாது, எனவே அவருடைய இழப்பு முழு இழப்பு என்று 1975இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குனிந்து நிமிர முடியாத லோடுமேன் எந்த வகையில் அந்தத் தச்சரிலிருந்து வேறுபட்டவர்? அதே கணக்கில் அவருக்கு 16.57 லட்சம் வர வேண்டும்.

பொய் வழக்குகள் பெருகும் என்பார்கள் முதலாளிகள். முதுகுவலியை அளக்கக் கருவி இல்லை என்பதால் அந்த அச்சத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. அதற்கு மருந்து, வேலையை விசாரிப்பது. பல கிடங்குகளில் கூலி மூட்டைக் கணக்கில்தான் பட்டுவாடா ஆகிறது. அதற்காக யாரோ ஒருவர் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருக்கிறார். ஐம்பது கிலோவில் இருநூறு மூட்டை என்றால் ஒரு நாளில் பத்து டன். ஜெர்மனி சூத்திரம் போட்டுத் தேடும் கணக்கு இங்கே மேஸ்திரியின் கையிலேயே இருக்கிறது. ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் ஆணையருக்குச் சட்டத்தில் உண்டு. அடுத்த முதுகு வழக்கில் ஸ்கேன் படத்தைப் பிரிக்கும் முன்பு அவர் அந்த நோட்டைக் கேட்டு வாங்கட்டும்.