டோக்கியோவின் கள்ள மரக்கால்

குத்தகை நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி நெல் கொடுக்க வேறொரு மரக்கால் என்று வைத்திருந்த மிராசுதார்களை நம் விவசாயத் தொழிலாளிகள் அறிவார்கள். ஜப்பான் தலைநகரில் படித்த கனவான்களும் இரண்டு மரக்கால் வைத்திருந்தார்கள். அவர்கள் அளந்தது நெல்லை அல்ல, டாக்டர் படிப்புக்கு வந்த பெண்களின் பரீட்சைத் தாளை.

டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இந்த மோசடி 2018 ஆகஸ்டில் அம்பலமாயிற்று. எப்படி அம்பலமாயிற்று? பெண்களின் கண்ணீரைக் கண்டு எவரும் இரங்கவில்லை. கல்வி இலாகாவின் மேலதிகாரி ஒருவருடைய மகனுக்கு மார்க்கைக் கூட்டிப் போட்டு இடம் கொடுத்த லஞ்ச விவகாரத்தைத் துருவப் போனார்கள். பானைக்குள்ளிருந்து பெரிய பாம்பே வெளியே வந்தது!

மோசடி நடந்த விதத்தைக் கேளுங்கள். இரண்டாம் கட்டத்தில் கட்டுரைப் பரீட்சை. எல்லோருடைய மார்க்கையும் முதலில் ஐந்தில் ஒரு பங்கு வெட்டினார்கள். 100 வாங்கியவருக்கு 80 ஆயிற்று. பிறகு, முதல் தடவை எழுதிய ஆணுக்கும், ஓரிரு முறை தவறி மறுபடி எழுதிய ஆணுக்கும் 20 மார்க்கு இனாம். மூன்று முறை தவறிய ஆணுக்கு 10. பெண்ணுக்கோ சுழியம். அதாவது முழு மார்க்கு வாங்கிய பெண்ணும், 75 வாங்கிய ஆணும் சரிசமம்! 2006 முதலே பெண்களின் மார்க்கு இப்படி வெட்டப்பட்டு வந்தது. 2018-ல் விண்ணப்பித்த 1,018 பெண்களில் தேறியவர்கள் 30 பேர். 1,596 ஆண்களில் 141 பேர்.

ஒரு கல்லூரியின் பாவம் மட்டுமா? கல்வி இலாகா 81 மருத்துவப் பள்ளிகளைச் சோதித்தது. ஒன்பது இடங்களில் முறைகேடு உறுதியாயிற்று, இன்னொன்றில் சந்தேகம். சில இடங்களில் பெண்களை மட்டம் தட்டினார்கள். சில இடங்களில் பழைய மாணவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டினார்கள். ஜூண்டெண்டோ பல்கலைக்கழகம் சொன்ன சமாதானம்தான் உச்சம். பெண்களுக்கு மனம் சீக்கிரம் பக்குவப்படுகிறதாம், பேச்சுத் திறமை அதிகமாம். ஆகவே ஆண்களைக் கைதூக்கி விட்டார்களாம்! பெண்ணுக்கு மூளை போதாது என்று தடுத்தது அந்தக் காலம். மூளை அதிகம் என்று தடுப்பது இந்தக் காலம்.

தோழர்கள் சிலர் கேட்கலாம்: டாக்டராகிற வசதி படைத்தவர்களின் சண்டையில் நமக்கென்ன வேலை? வேலை உண்டு. பெண்களை ஏன் ஒதுக்கினார்கள் என்ற காரணத்தைப் பாருங்கள். கல்யாணம், பிரசவம் என்று பெண் டாக்டர் வேலையை விட்டுப் போய்விடுவாள், எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆள் பற்றாது என்றார்கள். பஞ்சாலையில் நாம் கேட்காத வாதமா இது? பிரசவ லீவுக்குச் சம்பளம் கொடு என்று 1961-ல் நம் நாட்டில் சட்டம் வந்தது. பெண்ணை வேலைக்கே எடுக்காதிருந்தால் லீவும் இல்லை, சம்பளமும் இல்லை என்று கணக்குப் போடாத முதலாளி எத்தனை பேர்?

2018-ல் ஜப்பான் டாக்டர்களில் பெண்கள் 100-க்கு சுமார் 22 பேர். வளர்ந்த நாடுகளில் அதுவே கடைசி இடம். அறுவை சிகிச்சைத் துறையில் பத்துக்கு ஒருவர் கூட இல்லை. கை நடுங்கும் என்றா? 2022-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஜப்பானில் நடந்த வயிறு, மலக்குடல் ஆபரேஷன்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். நோயாளி மரணத்திலும் சிக்கலிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. அபாயம் கூடிய நோயாளிகளே பெண்களிடம் அதிகம் வந்திருந்தார்கள் என்பதையும் அதே கணக்கு காட்டிற்று. கையில் கோளாறு இல்லை என்றால் கோளாறு எங்கே? வேலை நேரத்தில்!

ஜப்பானில் மாதம் 80 மணி ஓவர்டைம் தொடர்ந்து செய்தால் உயிருக்கு ஆபத்து என்று சர்க்காரே கோடு கிழித்திருக்கிறது. உழைத்தே சாவதற்கு அங்கே 'கரோஷி' என்று தனிப் பெயர் உண்டு. 2024 ஏப்ரலில்தான் டாக்டர்களின் ஓவர்டைமுக்கு உச்சவரம்பு வந்தது. வருஷத்துக்கு 960 மணி. அதாவது மாதம் 80, சாவுக் கோட்டின் மேலேயே! சில ஆஸ்பத்திரிகளுக்கு 1,860 மணி வரை விலக்கு. மற்றத் தொழிலாளிக்கோ உச்சவரம்பு 720. இந்தச் செக்கில் சுற்ற வீட்டில் சோறாக்கிப் பிள்ளை பார்க்க இன்னொருத்தி வேண்டும். அவள் மனைவி! பேராசிரியர் நாற்காலிக்கும் இதே செக்கில் சுற்றித்தான் போக வேண்டும். ஆண் டாக்டரும் இதில் எஜமானன் அல்ல, மாடுதான். அவனுக்குக் கிடைத்த 20 மார்க்கு இனாமின் விலை அவனுடைய தூக்கம்.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. வழக்குப் போட்டார்கள். 2022 மே மாதம் ஜூண்டெண்டோ 13 பெண்களுக்குச் சுமார் 80 லட்சம் யென் கொடுக்க வேண்டும் என்றும், செப்டம்பரில் டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் 27 பெண்களுக்குச் சுமார் 1 கோடியே 80 லட்சம் யென் கொடுக்க வேண்டும் என்றும் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நபருக்கு ஏழு லட்சம் யென் கூடத் தேறாது. இழந்த வருஷங்களுக்கு இது ஒரு விலையா? ஆயினும் மரக்காலைப் பிடுங்கியதும் நடந்ததைப் பாருங்கள். 2019-ல் அதே டோக்கியோ கல்லூரியில் பெண்களின் தேர்ச்சி ஆண்களை மிஞ்சிற்று. 2021-ல் நாடு முழுவதிலும் மிஞ்சிற்று.

மோசடி நாறிய பிறகு, 2018 அக்டோபரில், யுகிகோ ஹயாஷி என்ற பெண்மணியை அந்தக் கல்லூரி முதன்முறையாகத் தலைவராக்கிற்று. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் வீடு பற்றி எரியும்போது சாவியைப் பெண் கையில் கொடுக்கிற வழக்கமும் நமக்குத் தெரியும். பெண் ஓடிவிடுவாள் என்று புலம்பும் கனவான்கள் முதலில் அந்த 1,860 மணியை வெட்டட்டும், ராத்திரி டூட்டிக்கு வரும் தாய்க்கு ஆஸ்பத்திரியிலேயே குழந்தைக் காப்பகம் வைக்கட்டும். அதன் பிறகும் எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று எண்ணிச் சொல்லட்டும்.