பெயரை அழித்தால் ஆள் மறைந்துவிடுவதில்லை

2025 நவம்பர் 3 தொடங்கி டிசம்பர் 18 வரை நாட்டின் கடலோர மீனவ ஊர்களில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்தது. ஒன்றிய அரசுக்காக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நடத்திய தேசியக் கடல் மீன்வளக் கணக்கெடுப்பு அது. 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களைச் சேர்ந்த சுமார் 12 லட்சம் மீனவக் குடும்பங்களைக் கணக்கில் எடுப்பது நோக்கம். முன்பெல்லாம் காகிதப் படிவம். இந்த முறை முழுக்க முழுக்கக் கைபேசிச் செயலி. வீட்டில் எத்தனை பேர், என்ன படிப்பு, என்ன தொழில், எந்தப் படகு, எந்த வலை என்பதெல்லாம் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்ற புவியிடக் குறியோடு சேர்ந்து பதிவாகிவிட்டது.

கணக்கெடுப்பு தேவைதான். யார் எத்தனை பேர் என்று தெரியாத அரசால் புயலுக்குப் பின் நிவாரணம் தர முடியாது, தடைக்காலத்தில் உதவித்தொகை தர முடியாது. நம் கவலை எடுத்ததைப் பற்றியது அல்ல. எடுத்ததைக் காப்பது பற்றியது. இந்தத் தகவல்களைக் கையாள்பவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது: பெயரையும் ஆதார் எண்ணையும் நீக்கிவிட்டால் ஆள் யாரென்று தெரியாது; அதன் பிறகு அந்தத் தரவை யாரிடமும் கொடுக்கலாம், எங்கும் வெளியிடலாம். இந்த நம்பிக்கை தவறு. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டு மீனவ ஊர்கள் போன்ற இடத்தில் ஆபத்தான தவறு.

ஒரு வரியை மட்டும் எடுத்துப் பார்ப்போம். பெண், வயது ஐம்பதுக்கு மேல், கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு பைபர் படகில் பாதிப் பங்கு, மகளிர் குழுவில் கடன். பெயர் இல்லை, எண் இல்லை. சென்னை மாநகரில் இந்த வரிக்குப் பொருந்துகிறவர்கள் எத்தனையோ பேர். பழவேற்காட்டுப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்திலோ கோரைக்குப்பத்திலோ வைரவன்குப்பத்திலோ டீக்கடையில் உட்கார்ந்து இதை வாசித்துக் காட்டினால், டீ வருவதற்குள் வீட்டைக் காட்டிவிடுவார்கள். நூறு, இருநூறு வீடுகள் கொண்ட ஊரில் பெயர் என்பது கடைசியாகத் தேவைப்படும் தகவல். சிறிய ஊர்க்காரர்களுக்குக் கூட்டத்தில் மறையும் வசதி கிடையாது.

பெரிய ஊர்க்காரர்களுக்கே அந்த வசதி இல்லை என்று உலகம் ஏற்கெனவே கண்டுகொண்டது. அமெரிக்கக் கணினி அறிஞர் லதான்யா ஸ்வீனி 2000-ஆம் ஆண்டு ஒரு கணக்கை முன்வைத்தார்: பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் சேர்த்தால் அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம். 2006-இல் ஏஓஎல் நிறுவனம் ஆறரை லட்சம் பேரின் இணையத் தேடல்களைப் பெயர்களுக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. சில நாட்களில் நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அதில் ஓர் எண்ணுக்கு உரிய 62 வயதுப் பெண்மணியின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அவர் தேடிய சொற்களே வழி காட்டின. 2013-இல் இவ்ஸ்-அலெக்ஸாந்தர் த மோந்த்ஜோயே குழுவினர் 15 லட்சம் பேரின் கைபேசித் தடங்களை ஆராய்ந்தார்கள். ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால், 95 விழுக்காட்டினரைப் பிரித்துக் காட்டிவிடலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. பதினைந்து லட்சத்தில் நான்கு புள்ளி போதும் என்றால், இருநூறு வீட்டில் எத்தனை வேண்டியிருக்கும்?

பழவேற்காட்டில் இந்தப் புள்ளிகள் இன்று நேற்று விழத் தொடங்கியவை அல்ல. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தி வந்தார்கள். அதன் பிறகு இந்தியக் கடலோர மீனவர்கள் கைரேகை பதித்து பயோமெட்ரிக் அடையாள அட்டை வாங்க வேண்டியவர்கள் ஆனார்கள். நாட்டில் வேறு எத்தனை தொழிலாளர்கள் தொழிலுக்குப் போகும்போதே அடையாள அட்டையை மடியில் கட்டிக்கொண்டு போகவேண்டும்? அடுத்து ரேஷன் கடையில் விரல் வைக்கும் கருவி. கயிறும் உப்புத் தண்ணீரும் தேய்த்த விரலை அது பல நேரம் ஏற்பதுமில்லை. அடுத்து படகுப் பதிவு, தடைக்கால நிவாரணத்துக்கு வங்கிக் கணக்கு, 2024 செப்டம்பரில் தொடங்கிய தேசிய மீன்வள டிஜிட்டல் தளம். மீன் விற்கும் பெண்ணின் கூடைப் பக்கத்தில் க்யூஆர் அட்டை. பலருக்கு அந்த அட்டையின் யுபிஐ முகவரியே கைபேசி எண்தான். நூறு ரூபாய்க்கு மீன் வாங்குகிற எவர் கைக்கும் அந்தப் பெண்ணின் வங்கிப் பெயரும் எண்ணும் போய்ச் சேர்கின்றன. பெண்களின் கைபேசி எண்களை ரீசார்ஜ் கடைக்காரர்களே விலைக்கு விற்றதை 2017-இல் உத்தரப் பிரதேசத்தில் பத்திரிகைகள் வெளிக்கொண்டு வந்தன. எண் வெளியே போவது சின்ன விஷயம் என்று எந்தப் பெண்ணும் சொல்லமாட்டார்.

ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சாதாரணம். ஆபத்து இவை ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில் இருக்கிறது. கணக்கெடுப்பு வரியில் பெயர் இருக்காது; ஆனால் பயனாளிப் பட்டியலில் பெயரும் தந்தை பெயரும் இருக்கும். அதில் கைபேசி எண் இருக்காது. ஆனால் கசிந்த இன்னொரு பட்டியலில் இருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பவருக்குக் குடும்பமே திறந்த வீடு.

கசிவு என்பது வெறும் அச்சமும் அல்ல. 2021-இல் தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் போடப்பட்டிருந்ததை பெங்களூரின் டெக்னிசாங்க்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் வெளியே சொன்னது. பெயர், முகவரி, ஆதார் எண், யாருக்கு யார் என்ன உறவு என்பதெல்லாம் அதில் இருந்தன. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல் துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் வெளியார் நுழைந்ததைக் காவல் துறையே ஒப்புக்கொண்டது. ரேஷன் துறையும் காவல் துறையும் காக்க முடியாததை மற்றவர்கள் காப்பார்கள் என்று எதை நம்பி இருப்பது?

கசிந்தால் என்ன ஆகும் என்பதைக் கடன் செயலிகள் காட்டிவிட்டன. ஐந்தாயிரம் ரூபாய் கடனுக்கு ஆசைப்பட்டு செயலியை இறக்கியவரின் கைபேசியில் இருந்த தொடர்பு எண்கள் முழுதும், படங்கள் முழுதும் கடன்காரனிடம் போயின. தவணை ஒரு நாள் தவறினால் தாய்மாமனுக்கும் சம்பந்திக்கும் ஆபாசமாகத் திருத்திய படம் போனது. தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. 2020 முடிவிலும் 2021 தொடக்கத்திலும் சென்னை, ஹைதராபாத் காவல் துறையினர் இந்தக் கும்பல்கள் சிலவற்றைப் பிடித்தார்கள். தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் செயலி தொடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி போட்டது 2022 செப்டம்பரில்தான். அதற்குள் போன மானமும் உயிரும் திரும்பாது. மீன்பாடு இல்லாத மாதங்களில் கைமாற்றுக்கு அலையும் ஊரில், எந்தக் குடும்பம் எப்போது பணமுடையில் இருக்கும் என்று தெரிந்துகொள்வதை விடக் கந்துவட்டிக்காரனுக்குப் பெரிய லாபம் வேறு இல்லை.

அடுத்து கடலுக்குள் விழும் தடம். இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர் கருவியை நாடு முழுவதும் ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்ட்டில் பால்கரில் தொடங்கிவைத்தார். பழவேற்காடு ஏரியின் எதிர்க்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகாமல் வலையைக் கரையில் போட்டுவிட்டு இருக்கும் ஊர்களுக்கு, அதே இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியே ஓர் உதவி வருவது நியாயமே. 2017-இல் ஒக்கி புயல் எத்தனை வீடுகளை இருட்டாக்கியது என்பதை மறந்துவிட்டு இந்தக் கருவியை எதிர்க்க எவராலும் முடியாது. புயல் செய்தி போய்ச் சேரட்டும், ஆபத்தில் இருப்பவர் குரல் கரைக்கு எட்டட்டும்.

ஆனால் உயிர் காக்கும் கருவி, படகு எங்கே போகிறது என்பதையும் குறித்துக்கொள்கிறது. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி 2017 நவம்பரில் தன் பயனர்கள் ஓடிய பாதைகளை ஒரு பெயர்கூட இல்லாமல் உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதைக் கூர்ந்து பார்த்தபோது, பாலைவனங்களுக்குள் இருந்த ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் பளிச்சென்று தெரிந்தன. அதே போல் ஒரு வருடப் படகுத் தடங்களைச் சேர்த்துப் பார்த்தால், எந்த மாதம் எங்கே மீன் விழும் என்ற தலைமுறை அறிவு முழுதும் திரைக்கு வந்துவிடும். பழவேற்காடு ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைப் 'பாடு' முறையில் ஊரே பேசி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு ஊருக்குச் சொந்தம். கடலில் அவர்கள் எந்த நேரம் எங்கே போகிறார்கள் என்ற கணக்கு யாருக்குச் சொந்தம்?

இதைக் கேட்க இந்தக் கரைக்கு வலுவான காரணம் உண்டு. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வருகிறார்கள். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. இப்படியான விவகாரங்களில் எங்கே தொழில் செய்கிறார்கள், எத்தனை பேர், எத்தனை நாள் என்பதே அடிப்படைச் சான்று. தடம் மீனவர் கையில் இருந்தால் "இது எங்கள் மீன்பிடி இடம்" என்று நிரூபிக்கும் ஆவணம். தடம் மற்றவர் கையில் மட்டும் இருந்தால் "இங்கே நீங்கள் வருவதே குறைவு" என்று வாயடைக்கும் ஆயுதம். தன்னைப் பற்றிய தகவல் தன்னிடம் இல்லாமல் எதிராளியிடம் மட்டும் இருப்பதுதான் தனியுரிமை இழப்பின் மோசமான வடிவம்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஆறு ஆண்டு இழுத்து, 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 2027 வரை காத்திருக்க வேண்டும். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீனவரின் தகவலில் பெரும்பகுதி இருப்பது அரசிடம். மானியமும் உதவியும் தருவதற்காக, அரசிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலைப் புதிதாக ஒப்புதல் கேட்காமலே அரசு கையாள இந்தச் சட்டம் இடம் தருகிறது. ஒன்றிய அரசு விரும்பும் அரசு அமைப்புகளுக்கு முழு விலக்கும் தரலாம். தனி ஆளைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படாதவரை, வகுத்த தரங்களைப் பின்பற்றினால், புள்ளிவிவரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் சட்டம் பொருந்தாது. அதாவது மிகப் பெரிய கதவுகள் எல்லாம் திறந்தே இருக்கின்றன.

ஆகவே நாம் கேட்பவை இவை. கணக்கெடுப்பின் தரவை வெளியிடும்போது, சிறிய ஊர்களின் குடும்ப வரிகளைத் தனியே தரக்கூடாது. ஒரு பிரிவில் ஒரு சிலரே இருந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடவேண்டும், அல்லது பக்கத்து ஊர்களோடு சேர்த்துச் சொல்லவேண்டும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை தன் 2020 கணக்கெடுப்பின் எண்களைக் கணித முறையில் சற்றே கலைத்துத்தான் வெளியிட்டது. அந்த வழி நமக்கும் திறந்திருக்கிறது. டிரான்ஸ்பாண்டர் தடத்தை உயிர்காப்பு, பாதுகாப்பு தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது. இத்தனை நாளில் அழிக்கவேண்டும் என்ற காலக்கெடு வேண்டும். படகுக்காரர் தன் தடத்தைத் தானே கேட்டு வாங்கும் உரிமை வேண்டும். பயனாளிப் பட்டியலை ஊரறியப் போடுவது ஊழலைத் தடுக்கும், அது தொடரட்டும். ஆனால் அதில் கைபேசி எண்ணும் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் இருக்கக்கூடாது. ஒப்புதல் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதைத் தமிழில், ஊர்ப் பஞ்சாயத்தில், வாய்விட்டு வாசித்துக் காட்டவேண்டும். கசிவு நடந்தால், நாளேட்டில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை மாறி, பாதிக்கப்பட்டவர்களுக்குத் துறையே நேரில் சொல்லவேண்டும்.

அதுவரை கையில் இருக்கும் காவலைப் பயன்படுத்துவோம். ஆதாரின் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். நகல் கேட்கும் இடத்தில் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுக்கலாம். யுபிஐ முகவரியைக் கைபேசி எண் இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம். பணம் பறிபோனால் தயங்காமல் 1930-ஐ அழைக்கலாம். படித்த பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் இதைச் செய்து கொடுத்தால் பாதிக் கதவு அடைபடும்.

மீதிப் பாதியை அடைக்கும் கடமை அரசுடையது. கடலுக்குப் போகும் மனிதரிடம் கைரேகை, வீடு, படகு, பாதை என்று அனைத்தையும் கேட்டு வாங்கும் அரசு, அவற்றை என்ன செய்கிறோம், யாரிடம் தருகிறோம், எப்போது அழிக்கிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்லவேண்டும். கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் முன்பே அந்தப் பதில் வரவேண்டும். வெளியான தரவைத் திரும்பப் பெறும் வழி உலகில் எந்த அரசிடமும் கிடையாது.